காயக்கட்டு

காயக்கட்டு என்பது வெட்டு, சிராய்ப்பு முதலிய சிறு காயங்களை வீட்டிலேயே கழுவி, மருந்திட்டு, துணியால் மூடிக் கட்டும் சிகிச்சை முறையாகும்.

தமிழரிடையே இவ்வழக்கம் மிகப் பழமையானது. புண்பட்ட வீரனின் மனையில் வேப்பந்தழை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பிக் காத்தமையையும், புண்ணில் வைத்த பஞ்சு இன்னும் களையப்படாத வீரரையும் புறநானூறு காட்டுகிறது. நெடிய ஊசியால் புண்ணைத் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் வருகிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிர் பெருகியபோது கப்பலேறி மலாயாவுக்கு வந்து, சிரம்பானுக்குத் தெற்கேயுள்ள சுங்கை காடுட் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர், தம் பாட்டிமாரின் கைவைத்தியத்தையும் உடன் கொணர்ந்தனர். விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குச் சென்று, மங்கலொளியில் ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய அவர்களுக்குக் கத்தி தீட்டும்போதும் வெட்டும்போதும் விரல் அறுபடுவது சகஜமாயிருந்தது. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் வீட்டில் மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவர். அவசரத்திற்குக் காப்பித்தூளையோ சிலந்திவலையையோ அப்புவாரும் உண்டு. பின்னர், துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத்திற்கு ஒரு நாடாவைக் கிழித்துச் சுற்றி, அதன் நுனியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிளவு மேலும் ஓடாதபடி அடியில் ஒரு முடிச்சிட்டு, இரு வால்களையும் எதிரெதிராகக் கொண்டுபோய், புண்ணின்மேல் முடிச்சு அழுத்தாதவாறு கட்டுவர்.

வீட்டுக் கைவைத்தியத்திற்கு அடங்காத காயம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே 'டிரெஸ்ஸர்' என்று மரியாதையுடன் அழைக்கப்பட்டவர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணிலுள்ள கிருமிகளை ஒழிக்கலாமென்று 1867-இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்ட தத்துவத்தின் வழிவந்த சிகிச்சையைத் தொழிலாளருக்கு அளித்தார். ஜெர்மானிய விஞ்ஞானி பால் ஏர்லிக் 1912-இல் கண்ட அக்ரிஃபிளேவின், 'மஞ்சள் மருந்து' என்னும் பெயரால் மலாயா வீடுகளிலும் இடம்பெற்றது. மஞ்சளுக்குப் பழகிய கண்களுக்கு அதன் நிறம் அந்நியமாயிருந்திராது. டிரெஸ்ஸர் போன்ற தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று 1965-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

சமையலறையில் அடிக்கடி விரலை அறுத்துக்கொண்ட மனைவிக்காக ஏர்ல் டிக்சன் 1920-இல் அமெரிக்காவில் அமைத்த ஒட்டுக்கட்டே இன்று 'பிளாஸ்திரி'யாகப் பெட்டிக்கடைகளில் கிடைக்கிறது. புண்ணைக் காற்றாடக் காயவிடுவதே நலம் என்னும் பழைய நம்பிக்கைக்கு மாறாக, மூடிய ஈரப்பதத்தில் புதுத்தோல் விரைவாக வளர்கிறதென்று ஜார்ஜ் வின்டர் 1962-இல் பன்றிகளின்மீது நடத்திய பரிசோதனையால் நிரூபித்தார்.

பழைய முறைகளுள் சுத்தமான துணியும் அளவான கட்டும் இன்றும் கொள்ளத்தக்கன. காப்பித்தூளும் சிலந்திவலையும் அழுக்கையும் கிருமியையும் புண்ணுக்குள் புகுத்தக்கூடுமாதலால் தள்ளத்தக்கன. ஓடும் நீரில் நன்கு கழுவுதலே முதற்சிகிச்சை. ஆழமான காயத்திற்கும், மண்ணோ துருவோ பட்ட காயத்திற்கும் கட்டு மட்டும் போதாது, அன்றே கிளினிக்குக்குச் சென்று தசைவிறைப்பு ஜன்னித் தடுப்பூசியைப் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும்.