பவளக்கொடி: கொட்டகையிலிருந்து திரைக்கு

அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலிய கதைப்பாடல்களைப் புகழேந்தியார் பெயரில் ஏற்றி வெளியிடுவது பெரிய எழுத்துப் பதிப்பாளர்களின் வழக்கமாக இருந்தது. நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை என்பதை அவற்றின் நடையே காட்டிவிடும். பாடியவர் எவராயினும், பாரதத்து அருச்சுனனைத் தமிழ்நாட்டு மருமகனாக்கிக்கொண்ட மக்கள் கற்பனை அது. மதுரையாளும் அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழுகிறான். பவளம் தேடிச் சென்ற தந்தையோ பவளக்கொடியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான்.

இக்காதற்கதையை இசைநாடகமாக்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). பின்னர் 'ஸ்பெஷல் நாடகம்' எனும் வழக்கம் பரவியபோது, வள்ளி திருமணத்தோடு பவளக்கொடியும் அதில் நிலைபெற்றது. ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டு வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையின்றியே மேடையேறுவர். கதை அவையோர் அனைவரும் அறிந்ததே. விடியும்வரை அவர்களை விழித்திருக்கச் செய்தது, இன்றிரவு இவ்விருவரும் எப்படி மோதுவார்கள் என்னும் ஆவல். தருக்கப் பாடல்களில் ஒருவர் தொடுத்த வினாவுக்கு மற்றவர் அந்த இடத்திலேயே விடை கட்டவேண்டும். ஹார்மோனியக்காரரின் பின்பாட்டு இருவருக்கும் மூச்சுவாங்க இடம் தரும். 'ஒன்ஸ்மோர்' குரல் எழுந்தால் இறந்த பாத்திரமும் எழுந்து பாடும்! சுவாமிகளுக்கு இவ்வகைத் தன்னிச்சை உவப்பானதன்று. கட்டுக்கடங்காத நடிகர்களால் மனம் கசந்தே அவர் சிறுவர் குழுக்களை நாடினார் என்பர். எனினும் அவர் பாட்டை வளர்த்ததில் அந்நடிகர்களுக்கும் பங்குண்டு.

1930களின் தொடக்கத்தில் அருச்சுனனும் பவளக்கொடியுமாக மேடையில் பெரும்புகழ் பெற்றிருந்த இணை எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் ஆவர். செட்டிநாட்டுப் பகுதியில் அந்நாடகத்தைக் கண்டு மகிழ்ந்த லெட்சுமணன் செட்டியாரும் வழக்கறிஞரான கே. சுப்பிரமணியமும் அதே இணையைக்கொண்டு அதனைப் படமாக்கினர். 1934-இல் வெளிவந்த 'பவளக்கொடி', பாகவதர், சுப்புலட்சுமி, இயக்குநர் சுப்பிரமணியம் ஆகிய மூவருக்கும் முதற்படம். சென்னை அடையாற்றில், சூரிய வெளிச்சத்தை நம்பியே படப்பிடிப்பு நடந்தது. பின்னணி பாடும் முறை அப்போது இல்லை. நடிகரே பாடவேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் பார்வைக்குத் தப்பி ஒதுங்கியிருந்து வாசிக்கவேண்டும். பாபநாசம் சிவன் பாடல்கள் இயற்றினார். அவற்றின் தொகை ஏறத்தாழ ஐம்பது. இன்றைய பார்வையாளருக்கு இது மிகையாகத் தோன்றலாம். பாட்டுக் கேட்கவே நாடகத்திற்குச் சென்று பழகியவர்களுக்கு அது குறைவாகவே பட்டிருக்கக்கூடும்.

மேடையில் முன்வரிசைக்காரருக்கே தெளிவாகத் தெரிந்த முகபாவம் இப்போது கடைசி வரிசைக்கும் எட்டியது. பாகவதர் கால்வைத்திராத ஊரிலும் அவர் குரல் ஒலித்தது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்சொல்லாகத் தொடர்ந்து வந்தவர்கள் உண்டு. எழுத்தறியாதவர் செவிவழியே மனப்பாடம் செய்தனர். கவிதையைக் கேட்டு நுகரும் பழைய மரபு இங்கே அறுபடவில்லை. அதற்கு ஒரு புதிய வாயில் திறந்தது.

ஆனால், திரையிடம் யாரும் 'ஒன்ஸ்மோர்' கேட்க முடியாது. ஒரு சங்கதி ஒருமுறை பதிவானால் எல்லா ஊரிலும் எல்லா இரவிலும் அதுவேதான். தருக்கத்தில் பவளக்கொடி இன்று வெல்வாளா என்ற ஐயத்திற்கும் இடமில்லை. மேடையில் அவ்வப்போது பிறந்து மறைந்த விடைப்பாட்டுகளை எவரும் எழுதிவைக்கவில்லை. பெயர் தெரியாத நடிகர்களும் நடிகையரும் கட்டிய கவிதைகள் அவை. திரைவரலாறுகள் நடிகர் புகழுக்கும் படம் ஓடிய நாட்களுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையாவது இவ்விழப்புக்குத் தந்திருக்கலாம்.

அடுத்த மாற்றம் விரைவிலேயே நிகழ்ந்தது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தின் வழியே பின்னணிப்பாட்டு தமிழுக்கு வந்தது. பாடுவோர் வேறு, வாயசைப்போர் வேறு என்றாயிற்று. 1949-இல் டி.ஆர். மகாலிங்கமும் டி.ஆர். ராஜகுமாரியும் நடிக்கப் 'பவளக்கொடி' மீண்டும் படமானது. மகாலிங்கம் நாடகமேடையில் வளர்ந்தவர். தம் பாட்டைத் தாமே பாடும் நடிகர் அருகிவந்த காலத்திலும் அவருக்கு இரவல் குரல் தேவைப்படவில்லை.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடைபெறுகிறது. ஹார்மோனியத்தின் முன்னே, எழுதிவைக்காத விடைகளுடன், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பொழுது புலரும்வரை வாதாடிக்கொண்டிருக்கின்றனர்.