வாளேந்திய நாயகர் எங்கே?

‘படைப்போர்’ என்னும் இலக்கிய வகையைத் தமிழுக்கு அளித்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். அதன் நாயகன் வாளேந்திக் களம் புகுவான். 1885இல் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திர’த்தை வெளியிட்டபோதும் வீரன் மறையவில்லை. எகிப்தியப் புரட்சித் தலைவர் உறாபி பாஷா 1883 முதல் இலங்கையிலேயே நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தார். வீரனைத் தேடி ஆசிரியர் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை!

பின்வந்த காலம் வேறு. மாவடிப்பள்ளிக்கு வடக்கே, மருதமுனையில் பிறந்த மருதூர்க்கொத்தனின் சிறுகதைகளில் எளிய மக்களே நடமாடுகின்றனர். இதனை வளர்ச்சி என்பர் திறனாய்வாளர்; யானும் மறுக்கிலேன். ஆயினும், வேளாண்மை வெட்டுபவனின் துன்பத்தைப் பக்கம் பக்கமாக விரிக்கும் நம் புதுக்கதைகள் பல, அவன் துணிவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. படைப்போர்ப் புலவன் இன்றிருந்தால், வெள்ளம் வீதியை மூடும் மாரியில் பிறரைக் கரைசேர்க்கும் மாவடிப்பள்ளி வாலிபனையும் பாடியிருப்பான்.