கவசமும் கோப்பும்: எந்திரன், அர்ஜுன், கலாம்

1963இல் மார்வல் வரைகதையில் தோன்றிய அயர்ன் மேன் ஆயுத நிறுவன முதலாளி. கவசம் அவனுக்குச் சொந்தம். அரசு அவனைத் தேடி வருகிறது. 2010இல் வெளியான ஷங்கரின் ‘எந்திர’னில் திசை தலைகீழாகிறது. விஞ்ஞானி வசீகரன் தன் எந்திர மனிதன் சிட்டியை ராணுவத்துக்குக் கொடுக்க விரும்பி, மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்து நிற்கிறான். படைக்கருவி ஆராய்ச்சி பெரும்பாலும் அரசின் கையிலேயே இருந்துவந்த நாட்டில் பிறந்த கதைக்கு இதுவே இயல்பு. ஆனால் அந்த ஒப்புதலின் அரசியலைப் படம் அக்குழுவிலுள்ள போரா என்ற ஒருவரின் பொறாமைக்குள் அடக்கிவிடுகிறது. மெய்யான தடைகள் தனிமனிதரின் தீய எண்ணத்தைவிடக் கோப்பின் நடைமுறையில்தான் மிகுதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னையை அடுத்த ஆவடியே இதற்குச் சான்று. அர்ஜுன் பீரங்கி வண்டித் திட்டத்துக்கு 1974இல் அனுமதி கிடைத்தது. வடிவமைத்தது ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம். அதன் காஞ்சன் கவசத்துக்குப் பெயர் தந்தது, அதை உருவாக்கிய உலோகவியல் ஆய்வகம் இருக்கும் ஐதராபாத்தின் காஞ்சன்பாக். கவசத்தை உள்நாட்டிலேயே செய்ய முடிந்தது. எஞ்சினுக்கோ ஜெர்மனியைச் சார்ந்திருக்க நேர்ந்தது. ராணுவத்தின் தேவைப் பட்டியலும் நடுவில் மாறியது. மாறும் ஒவ்வொரு முறையும் எடையும் காலமும் கூடின. 124 வண்டிகளுக்கு ஆர்டர் வந்தபோது ஆண்டு 2000. மறு ஆண்டே ரஷ்யாவின் டி-90 பீரங்கி வண்டியை வாங்க ஒப்பந்தமானது. பின்னர் அதையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையே தயாரித்தது. போட்டி வண்டிகள் இரண்டும் ஒரே ஊர்த் தொழிற்சாலையில் உருவான இந்த வரலாற்றில் யாரை வில்லன் என்பது? தாமதத்துக்கு ஆய்வகம் ராணுவத்தையும் ராணுவம் ஆய்வகத்தையும் காரணம் காட்ட முடிந்தது. இரண்டிலும் உண்மை இருந்தது.

விஞ்ஞானி அப்துல் கலாம் இதற்கு விதிவிலக்கு அல்லவா என்று கேட்கலாம். 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தை நடத்தியவர். 1998 பொக்ரான் சோதனையில் ராணுவ உடையில் நின்றவர். 2002இல் குடியரசுத் தலைவரானவர். ஆயினும் அவருடைய ஆற்றல் ஆய்வகங்களையும் தொழிற்சாலைகளையும் படைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததில் இருந்தது. அதுவும் கோப்பு வேலைதான். ஐந்து ஏவுகணைகளில் அக்னி நம் நினைவில் நிற்கிறது. கைவிடப்பட்ட திரிசூல் நிற்கவில்லை. கூட்டு உழைப்பைத் தனிநாயகன் கதையாக மாற்றும்போது தோல்விகள் உதிர்ந்துவிடுகின்றன. அவற்றோடு சேர்ந்து கணக்குக் கேட்கும் பழக்கமும் உதிர்கிறது.

கலாமே அடிக்கடி நினைவுகூர்ந்தது வேறொன்று. ஏவுகணைக்காக உருவான இலேசான பொருளைக் கண்ட ஐதராபாத் மருத்துவர் ஒருவர், நடக்க உதவும், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிப்பர் என்னும் தாங்கியைக் காலில் கட்டி இழுத்து நடந்த பிள்ளைகளை அவருக்குக் காட்டினார். சில வாரங்களில் அந்தத் தாங்கியின் எடை 300 கிராமாகக் குறைந்தது. போருக்கான ஏவுகணைப் பொருள் பிள்ளையின் காலுக்கு வர, ஒரு மருத்துவர் ஆய்வகத்தின் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. அதை எந்தத் தேவைப் பட்டியலும் கேட்டிருக்கவில்லை.

அந்த வாசல் இன்று யாருக்குத் திறந்திருக்கிறது? படைக்கருவித் தொழிலுக்காக அமைந்த தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் முனையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் முண்டியம்பாக்கத்தையும் விழுப்புரத்தையும் கடக்கிறது. முனையம் எதுவும் இங்கில்லை. ‘எந்திரன்’ வந்த 2010இல்தான் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. வழித்தடத்தின் பயனை முதலீட்டுத் தொகையால் அளப்பவர்கள் இன்னொரு அளவையும் சேர்த்துக்கொள்ளலாம்: படைக்கருவி ஆய்வகங்களின் தேவைப் பட்டியலில் முண்டியம்பாக்கத்து மருத்துவர் ஒருவர் ஒரு வரி எழுத வழி உண்டா?