இடிந்த சிறையும் எஞ்சிய படமும்

கோயமுத்தூர் மத்தியச் சிறைச்சாலை என்றதும், ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1908 முதல் 1910 வரை அங்கே அடைபட்டுச் செக்கிழுத்த துயரமே நம் நினைவில் எழும். சிறைச்சுவரும் தேச சரித்திரத்தின் ஓர் ஏடென்பதற்கு இஃதொன்றே போதும்.

அத்தகைய ஏடொன்று நம் காலத்திலேயே மறைந்தது. 1837-ல் எழுந்த சென்னை மத்தியச் சிறை, கைதிகள் 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டமையால் வெறுமையாயிற்று. 1932-ல் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் அடைபட்டிருந்ததும் அங்கேதான். 2009-ல் இடிக்கப்படுமுன், சின்னாட்கள் பொதுஜனங்கள் உள்ளே சென்று பார்வையிட அநுமதிக்கப்பட்டனர். அந்நாட்களில் பிடித்த புகைப்படங்கள் இன்று அவ்வறைகளுக்குச் சாக்ஷியாய் நிற்கின்றன.

நிற்க. ஆளற்ற சிறையுள் படம் பிடித்தல் எளிதன்று. அறையிலோ இருள், உயரத்துச் சாளரத்திலோ கண்கூசும் வெளிச்சம். ஆதலின் காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, நெடுநேரம் ஒளியை ஏற்கச் செய்தல் வேண்டும். சாளரத்துக்கும் சுவருக்கும் வெவ்வேறாகப் படமெடுத்தல் நன்று. அறையின் அளவு விளங்க அளவுகோலொன்றை உடன்வைத்தலும், கதவு, பூட்டு, சுவர்க்கீறல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்தலும், இடமும் தேதியும் குறித்தலும் அவசியமாம். குறிப்பில்லாத படம் பின்னோர்க்குப் பயன்படாது.

கட்டிடம் வீழ்ந்தபின் வருந்தி யாது பயன்? நமது சங்கத்து இளைஞர்கள், நம் ஜில்லாவில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழங்கட்டிடங்களை உரிய அநுமதி பெற்றுப் படமெடுத்து, பிரதியொன்றைச் சங்கத்தில் சேர்ப்பிப்பார்களாக.