தோம்புக் கோபுரம்: மின்சார சைக்கிளில் லிஸ்பன்

தமிழ் மொழியில் முதல் புத்தகம் எந்த ஊரில் அச்சானது என்று கேட்டால், நம்மில் பலர் தரங்கம்பாடி என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் கொல்லம் என்பார்கள். தமிழ் எழுத்தில் என்று கேட்டால் கொல்லம் சரிதான். 1578-ல் அங்கே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. ஆனால் அதற்கு 24 வருடம் முன்பே, 1554-ல், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. மொழி தமிழ், எழுத்து ரோமன். 'கார்த்தில்லா' என்று அழைக்கப்படும் சிறிய சமய நூல். கறுப்பு, சிவப்பு என இரண்டு மையில் அச்சு. தமிழ் வரிகளோடு போர்ச்சுகீசியப் பொருளும் உண்டு. அதைத் தயாரித்த தமிழர்கள் மூன்று பேர்: வின்செந்தே த நசரே, ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ். மூன்றுமே ஞானஸ்நானப் பெயர்கள்.

அந்தப் புத்தகம் அச்சாகி 201 வருடம் கழித்து, 1755 நவம்பர் 1 அன்று, அந்த ஊரே விழுந்து எரிந்தது. அப்படியானால் இந்த மாதிரிக் காகிதங்கள் எப்படித் தப்பின? எவை தப்பவில்லை? போன வருடம் அலுவலக வேலையாக லிஸ்பன் போனபோது மனதில் இருந்த கேள்வி இதுதான். கையில் இருந்தது ஒரே ஒரு ஓய்வு நாள். அதனால் வழிகாட்டியோடு போகும் மின்சார சைக்கிள் சுற்றுலா ஒன்றில் பெயர் கொடுத்தேன். மொத்தம் ஆறு பேர், நாலு மணி நேரம்.

சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். சாதாரண சைக்கிளில் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஈ-பைக் நம்மூர் ஸ்கூட்டர் மாதிரி தானாக ஓடாது. நாம் மிதித்தால்தான் மோட்டார் கூடவே தள்ளும். ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட். மணிக்கு 25 கி.மீ. தாண்டினால் உதவி நின்றுவிடும். எவ்வளவு உதவி வேண்டும் என்று கைப்பிடியில் ஒரு பட்டன். என் வண்டியில் பூஜ்யத்திலிருந்து நாலு வரை. எங்கள் வழிகாட்டிப் பெண் கிளம்பும் முன் சொன்னது இரண்டே எச்சரிக்கை: டிராம் தண்டவாளத்தை எப்போதும் குறுக்காகக் கடக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும், வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பதித்த இடங்களில் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது.

எங்கெங்கே எத்தனையாம் எண் போட்டேன் என்று ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். பழக்கதோஷம். மாலையில் அந்தக் குறிப்பை ஊர் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 1755-ன் சேத வரைபடமாக இருந்தது!

பூஜ்யம்: ஆற்றங்கரைச் சமவெளி

கிளம்பிய இடம் டேகஸ் ஆற்றங்கரையில் இருக்கும் வணிகச் சதுக்கம். ஊர்க்காரர்கள் இன்றும் இதை 'அரண்மனைத் திடல்' என்ற பழைய பெயரிலும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே அரண்மனை இல்லை. 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மானுவேல் கட்டிய ரிபெய்ரா அரண்மனை இங்கேதான் இருந்தது. இந்தியாவோடு நடந்த மிளகு வியாபாரத்தை நிர்வகித்த 'இந்திய மாளிகை' என்ற அலுவலகமும் அதை ஒட்டியே. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை மன்னர் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். வசதியான இடம்தான். ஆனால் அடியில் இருப்பது ஆற்று வண்டல்.

நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவர் திருநாள். காலை ஒன்பதே முக்கால் வாக்கில் ஊர் முழுக்கத் தேவாலயங்களில் இருந்தபோது நிலம் ஆடியது. இடிபாட்டுக்குப் பயந்து திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சிறிது நேரத்தில் சுனாமி வந்து அடித்தது. 2004-க்குப் பிறகு நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அதற்கு மேல் மெழுகுவர்த்திகளும் சமையல் அடுப்புகளும் பற்ற வைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அரண்மனை, அதிலிருந்த எழுபதாயிரம் நூல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் அரச நூலகம், கட்டி ஏழு மாதமே ஆன ஆபரா அரங்கம், இந்திய மாளிகையின் கணக்குகளும் கடிதங்களும் எல்லாம் போயின. முத்துக்குளித்துறைப் பரதவர்களைப் பற்றியோ நாகப்பட்டினத்துப் போர்ச்சுகீசியரைப் பற்றியோ தேடுகிறவர்களுக்கு அந்த இழப்பு இன்றைக்கும் ஒரு ஓட்டை.

சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் பாய்ஷா பகுதி, அதாவது 'தாழ்வான ஊர்', முழுக்கவே பூஜ்யம்தான். மிதிக்கவே வேண்டாம் போல அவ்வளவு சமதளம். இங்கேதான் கட்டம் போட்ட மாதிரி நேர்த் தெருக்கள்: தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு. எல்லாம் நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்தவை.

வழிகாட்டி ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தி மேலே கை காட்டினார். "ஜனேலா, எல்லாம் ஒரே அளவு" என்றார். ஜனேலா! நம் ஜன்னல் இந்த மொழியிலிருந்து வந்ததுதான். மேசை, அலமாரி, சாவி எல்லாமே அப்படித்தான். ஜன்னல், கதவு, நிலை எல்லாவற்றையும் ஒரே அளவில் முன்கூட்டியே செய்துவைத்து, கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். நாம் இன்று ஸ்டாண்டர்ட் என்று சொல்வதை 1750-களில் ஒரு ஊர் அளவுக்குச் செய்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது வெளியே தெரியாது. சுவருக்குள் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டங்கள் வைத்துக் கட்டி, இடைவெளியைக் கல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். நிலம் ஆடினால் மரம் வளைந்துகொடுக்கும். கல் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கும். ஒரு மாதிரியைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இதோடு, வீட்டுக்கு வீடு தீ தாவாமல் இருக்கக் கூரைக்கு மேலே எழும் தடுப்புச் சுவர். வண்டல் மண்ணில் அடித்தளத்துக்குப் பைன் மரக் கம்பங்கள். கம்பங்கள் ஈரத்திலேயே இருக்கும் வரை மக்காது. இன்றைய பொறியாளர்களுக்கு ஒரு கவலை உண்டு. கீழ்த்தளத்தைக் கடைக்காக அகலப்படுத்தும்போது சுவரோடு கூண்டையும் அறுத்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அடுத்த நடுக்கத்தில்தான் தெரியும்.

நாலு: கோட்டைக் குன்று

கிழக்கே திரும்பியதும் அல்ஃபாமா. பட்டன் ஒரே நிமிடத்தில் ஒன்றிலிருந்து நாலுக்குப் போய்விட்டது. சந்துகள் வளைந்து, படிக்கட்டாகி, சில இடங்களில் முட்டுச்சுவரில் முடிகின்றன. அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்து வரும் அமைப்பு. இங்கேயும் வீடுகள் விழுந்தன, ஆட்கள் செத்தார்கள். ஆனால் அடியில் இறுகிய தரை. தெருக்களின் கோடு அப்படியே தப்பித்தது.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. பாய்ஷாவுக்கு மேற்கே இருக்கும் மேட்டில் கார்மோ மடாலயம். 1389-ல் தொடங்கியது. அதன் உயரமான கல் கூரை இடிந்து விழுந்தது. இன்றும் கூரை இல்லாமல், வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. மண் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மேலே என்ன கட்டினோம் என்பதும் கணக்கில் வரும்.

இன்னொரு விலக்கு, நான் தேடி வந்த இடம். குன்றின் உச்சியில் இருக்கும் சான் ஜோர்ஜ் கோட்டையில் 14-ம் நூற்றாண்டிலிருந்து அரசின் ஆவணங்களை வைத்திருந்த கோபுரம் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'தோரே தோ தோம்போ'. தோம்போ என்றால் பதிவேடு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு உடனே புரிந்திருக்கும். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேட்டுக்கு அங்கே இன்றும் 'தோம்பு' என்றே பெயர். ஆக இது தோம்புக் கோபுரம்.

நிலநடுக்கத்தில் இந்தக் கோபுரமும் விழுந்தது. பாறை மேல் இருந்தும் விழுந்தது. ஆனால் உள்ளே இருந்த ஆவணங்களில் பெரும்பகுதி பிழைத்தது. காரணம் ஒரு ஆள்.

மானுவேல் த மாயா

பிறந்தது 1677. இராணுவப் பொறியாளர். லிஸ்பனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அக்வஸ் லிவ்ரஸ் நீர்ப்பாலத்தின் வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர். அந்தப் பாலத்தில் அல்கான்தரா பள்ளத்தாக்கைத் தாண்டும் வளைவுகளில் பெரியதன் உயரம் 65 மீட்டர். 1748-ல் ஊருக்குத் தண்ணீர் வந்தது. 1755-ல் அந்த வளைவுகள் விழவில்லை. எங்கள் சுற்றுலாவின் பாதையில் அது வரவில்லை. நேரம் இருப்பவர்கள் தனியாகப் போய்ப் பார்க்கலாம்.

1745 முதல் இவரே தோம்புக் கோபுரத்தின் தலைமைக் காப்பாளர். நிலநடுக்கத்தின்போது வயது 78. கீழே ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. இவர் இடிபாட்டுக்குள்ளிருந்து கட்டுக் கட்டாக ஆவணங்களை எடுக்க வைத்து, கோட்டைத் திடலிலேயே மரக் கொட்டகை போட்டு அதில் அடுக்கினார். 1757-ல் அவை சான் பெந்து மடாலயத்துக்குப் போயின. 1990 வரை, 233 வருடம், அங்கேயே இருந்தன. இன்று பல்கலைக்கழகப் பகுதியில் தனிக் கட்டடம். பெயர் மட்டும் மாறவில்லை. கோபுரமே இல்லாத தோம்புக் கோபுரம்.

அதே முதியவர் அதே டிசம்பரில் இன்னொரு வேலையும் தொடங்கினார். இடிந்த ஊரை என்ன செய்யலாம் என்று ஐந்து வழிகளை எழுதிக்கொடுத்தார். இருந்தபடியே கட்டலாம், தெருவை மட்டும் அகலமாக்கலாம், தெருவை அகலமாக்கி வீட்டின் உயரத்தையும் குறைக்கலாம், தாழ்வான ஊரை முழுக்க இடித்துத் தள்ளிப் புதிதாக வரையலாம், இல்லையென்றால் பெலேம் பக்கம் வேறு ஊரே கட்டலாம். ஒவ்வொன்றுக்கும் சாதகம், பாதகம். நம் துறையில் டிசைன் டாக்குமென்ட் எழுதுகிற யாருக்கும் இந்த வடிவம் பழக்கமானது. பிற்பாடு பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் தேர்ந்தெடுத்தது நாலாவதை. எவ்ஜெனியோ துஸ் சான்துஸ், கார்லோஸ் மார்டெல் ஆகியோர் வரைந்தார்கள். நான் பூஜ்யத்தில் ஓட்டிய நேர்த் தெருக்கள் அப்படி வந்தவைதான்.

இடித்துத் தள்ளும் முன், யாருக்கு எங்கே எவ்வளவு இடம் இருந்தது என்று அளந்து எழுதவும் அந்த வருடம் முடிவதற்குள் உத்தரவு போட்டார்கள். அந்த அளவைக்கும் பெயர் தோம்போதான். அடுத்து நாடு முழுக்க ஒவ்வொரு பங்குக்கும் கேள்வித்தாள் போனது: எவ்வளவு நேரம் ஆடியது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, தீ பிடித்ததா. கடவுளின் கோபம் என்று ஐரோப்பாவே பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தில் கேட்ட கேள்விகள் இவை. இன்றைய நிலநடுக்க ஆய்வாளர்கள் அந்தப் பதில்களை இன்னும் பயன்படுத்துகிறார்கள். அவை இருப்பதும் தோம்புக் கோபுரத்தில்தான்.

மறுபடியும் பூஜ்யம்: பெலேம்

கடைசிப் பகுதி ஆற்றை ஒட்டி மேற்கே ஆறேழு கிலோமீட்டர். மோட்டாரே தேவையில்லை. பெலேமில் ஜெரோனிமோஸ் மடாலயம் பெரிய சேதம் இல்லாமல் நிற்கிறது. கீழை நாட்டு வாசனைப் பொருள் வரியில் கட்டியது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ளே இருக்கிறது. அன்று காலை அரச குடும்பம் பெலேமில் இருந்ததால் பிழைத்தது. மன்னர் ஜோசே அதற்குப் பிறகு கல் கட்டடத்தில் தூங்கப் பயந்து, அருகே அஜுதா மேட்டில் மரத்தால் ஆன அரண்மனையில் இருந்தார்.

அந்த மடாலயத்தின் ஒரு பகுதியில்தான் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில்தான் 1554-ன் கார்த்தில்லா. 1950-களில் தனிநாயகம் அடிகள் இதைத் தமிழுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அன்று உள்ளே போக நேரம் இல்லை; வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

எவை தப்பின என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது. பாறை உதவும், ஆனால் பாறை மேல் இருந்த கோபுரமும் விழுந்தது. நகல் உதவும்: லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் போய்வந்த கடிதங்களின் தொகுப்புகள் கோவாவில் தனியே இருந்தன, அவற்றில் ஒரு பகுதி பின்னால் லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தது. வேறு ஊரில் பேக்கப் வை என்று நாம் சொல்வதன் பழைய உதாரணம். ஆனால் இவை இரண்டுக்கும் மேல், விழுந்த அன்றைக்கு 'இது என் பொறுப்பு' என்று போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அரண்மனை நூலகம் அத்தனை செல்வத்தோடு எரிந்தது. கோபுரத்துக்கு 78 வயது ஆள் ஒருவர் இருந்தார்.

லிஸ்பன் போகிறவர்கள் முதல் நாளே ஈ-பைக் எடுங்கள். மேடு எது, வண்டல் எது என்று கால் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அருங்காட்சியகப் பலகைகளைப் படித்தால் வேறு மாதிரிப் புரியும். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைக் குன்றுக்கு நாலாம் எண் கட்டாயம் வேண்டும்.