கசியும் தண்ணீர் என்ன நிறம்?

உங்கள் பைக்கை எப்போது சர்வீஸுக்கு விடுவீர்கள்? புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வந்ததுமே சமர்த்தாகக் கொண்டுபோய் விடுகிற ரகமா? அல்லது, ‘என்னவோ புதுசா சத்தம் வருதே...’ என்று காதைத் தீட்டிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடுகிற ரகமா?

முதலாவது, நாள் குறித்துப் பராமரிப்பது. இரண்டாவது, அறிகுறி பார்த்துப் பராமரிப்பது. தொழிற்சாலைகளில் ‘பிரிவென்டிவ்’, ‘பிரிடிக்டிவ்’ என்பார்கள். எது சிறந்தது என்று இன்ஜினீயர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். தாமிரபரணிக் கரைக்காரர்களோ இரண்டையும் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள். மெஷினுக்கு அல்ல, குளத்துக்கு!

தாமிரபரணிப் பாசனம் என்பதே ஒரு பெரிய இயந்திரம்தான். 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், 187 குளங்கள். நிலம் சுமார் 86 ஆயிரம் ஏக்கர். அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. இவ்வளவு பெரிய இயந்திரம் இத்தனை காலம் எப்படி ஓடியது?

முதல் பதில், குடிமராமத்து. பிசான அறுவடை முடிந்து, கோடையில் குளம் வற்றியதும் வீட்டுக்கு இத்தனை ஆள் என்று இறங்குவார்கள். வண்டலை வாரி வயலுக்கு அடிப்பார்கள். கால்வாயைத் தூர் எடுப்பார்கள், கரைக்கு மண் போடுவார்கள். கரை பலவீனமாக இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே கிடையாது. கோடை வந்தால் வேலை. அவ்வளவுதான். பிற்காலத்தில் இந்த வழக்கம் தளர்ந்தபோது, வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-ல் மதராஸ் மாகாணத்துக்குச் சட்டமே போட்டார்கள்.

இரண்டாவது பதில், ஓர் ஆள். நீர்க்கட்டி, மடையன், மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். (ஆமாம், மடையன் என்பது இன்று நாம் திட்டப் பயன்படுத்தும் சொல் போலவே ஒலிக்கும்!) மழைக்காலத்தில் ராத்திரி பகலாகக் கரையைச் சுற்றி வருவது அவர் வேலை. நண்டு வளை, எலி வளை, வெடிப்பு... எல்லாவற்றையும் பார்ப்பார். முக்கியமாக, கரைக்கு வெளியே கசியும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்.

தெளிவாகக் கசிந்தால் பெரிய பயமில்லை. மண் துகள்களுக்கு நடுவே நீர் வடிகிறது, அவ்வளவுதான். கலங்கலாக வந்தால்..? தண்ணீர் மண்ணையும் சேர்த்து இழுத்து வருகிறது, கரைக்குள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது பெருத்தால் சில மணி நேரத்தில் கரை காலி. இன்றும் அணைகளில் கசிவை அளந்து, கலங்குகிறதா என்று பார்க்கிறார்கள். காற்றாலையின் கியர்பாக்ஸில் சென்ஸார் வைத்து அதிர்வைக் கேட்பதும் இதே வித்தைதான்.

‘எதற்கு ரெண்டு? நாள் குறித்து ஒழுங்காகப் பார்த்தால் போதாதா?’ என்று தோன்றுகிறதா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்கும் அப்படித்தான் தோன்றியது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களை, 50 மணி நேரம் பறந்ததும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி பழுதுக் கணக்கைப் புரட்டினார். திகைத்துப் போனார். சர்வீஸ் முடிந்து வந்த உடனேதான் பழுது அதிகம்! நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே கெடுத்திருக்கிறது. சர்வீஸ் இடைவெளியைக் கூட்டினார்கள். விமானங்கள் முன்பைவிட அதிக நேரம் பறந்தன.

அதற்காகக் காலண்டரைக் கிழித்துப் போட்டுவிட முடியுமா? முடியாது. வண்டல் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் வந்து சேரும். அதற்கு நாள் குறிப்பதே சரி. எலி நாள் பார்த்தா வளை தோண்டுகிறது? அதற்கு ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கையில் எடுத்தது. நல்ல விஷயம். அந்த ஜோடிக் கண்? நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். வெள்ளத்தில் முங்கி மடை திறந்தவர்களுக்குக் கிடைத்தது களத்து நெல் கொஞ்சம். மரியாதை அதுவும் இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போனதில் என்ன தப்பு? அந்த வேலைக்கு உரிய சம்பளம் போட மறந்த நாம்தான் தப்பு.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. அந்த மழைக்கு எந்தக் கரையும் தாங்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், எந்தக் கரை முதலில் போகும் என்று இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்தால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம்.

அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் ஊர்க் குளத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். தூர் வாரிய தேதி போர்டில் எழுதியிருக்கும். ராத்திரி கரையில் டார்ச் லைட்டோடு நடக்கப்போவது யார் என்று மட்டும் யாரிடமாவது கேளுங்கள்.