சிற்றிலும் சிறுதேரும்

அகத்தியர் மலையின் அடிவாரத்தே, விதுராவுக்கு அப்பால் அமைந்தது போனக்காடு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கத் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய மலைத் தோட்டங்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய தோட்டங்களில், பெற்றோர் விடியலிலேயே வேலைக்குச் சென்றுவிட, லயத்து முற்றத்தில் மண் குழைத்தும் கல்லடுக்கியும் இருக்கும் பிள்ளைகளைக் கண்டு, ‘வீண் விளையாட்டு’ என்பது பெரியோர் வழக்கு. அவ்வழக்குப் பொருந்துமா என வரலாற்று நோக்கில் ஆராய்வோம்.

பிள்ளையின் ஆடலை உற்று நோக்கியவர் நம் முன்னோர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். ஐந்தாம் மாதம் தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைகொட்டுவது சப்பாணி. பின்னர்ச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பருவங்களை வகுத்தது அவ்விலக்கியம். தலைவனைக் குழந்தையாக்கிப் புகழ்வதே அதன் நோக்கமாயினும், குழந்தையின் வளர்ச்சியை ஆடல்வழி அளந்த கூர்மை அதனுள் பொதிந்துள்ளது.

மேனாட்டில் இந்நோக்கு அறிவியலாக மலர்ந்தது 1907ஆம் ஆண்டில். உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில், உழைப்பாளர் குடியிருப்புக் குழந்தைகளுக்கென மருத்துவர் மரியா மாண்டிசோரி ஓர் இல்லம் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை உரிய குழிகளில் இட்டும் எடுத்தும் கொண்டிருந்தாள். பிற பிள்ளைகளைப் பாடச் செய்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. நாற்பது முறைக்கு மேல் செய்தபின் தானே நிறுத்தினாள். கற்பிப்போன் முதலில் காண்போனாதல் வேண்டும் என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்ற காரணத்தால் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அதற்கு முன்னரே, 1920இல், கிஜுபாய் பதேகா குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் நிறுவியிருந்தார்.

தோட்டத்துப் பிள்ளைக்கோ சட்டமே முதலில் துணைவந்தது. ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அங்கன்வாடிகள் தோன்றின. 2022இல் வெளியான அடிப்படை நிலைக் கலைத்திட்டமோ, மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டையே கல்வியின் வழியாகவும், உற்றுநோக்கலை மதிப்பீட்டின் முறையாகவும் ஏற்றது.

இதனால் நமக்கு ஆவதென்ன? வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கேட்கும் குழந்தை, வகுப்பில் வாய் திறவாதிருத்தல் உண்டு. ‘மந்தம்’ என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. அக்குழந்தையே முற்றத்தில் கொழுந்து நிறுக்கும் ஆட்டம் ஆடுங்கால் காண்க. இலையைக் கூடையிலிட்டு எடை பார்ப்பதில் அளவறிவு. ‘நீ கங்காணி, நான் கணக்கர்’ எனப் பங்கிடுவதில் மொழித்திறன். பல்லாங்குழியில் முத்தெண்ணி இடுவதில் கணிதம். ஏட்டில் மதிப்பெண்ணாகப் பதியாத அறிவு அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, புலம்பெயர்ந்து வாழும் பெற்றோர் நாள்தோறும் சிறிது நேரமேனும் குறுக்கிடாது அருகிருந்து பிள்ளையின் ஆட்டத்தைக் காண்பாராக. கண்டதை ஆசிரியருக்கும் எடுத்துரைப்பாராக. வாய் திறவாத பிள்ளைக்குப் பரிந்து பேசத்தக்க சான்று அதுவே.